கம்பி எட்டாத வீட்டில் ஞாயிற்று விளக்கு

சிற்றூருக்கு மின்சாரம் என்றால் கம்பம் நட்டுக் கம்பி இழுப்பதே வழி என நெடுங்காலம் கருதப்பட்டது. கம்பி செல்லாத இடத்திலும் ஞாயிற்றின் ஒளிகொண்டே விளக்கேற்றலாம் என்பதைப் பேரளவில் மெய்ப்பித்த நாடு வங்காள தேசம். பத்மா, மேகனா முதலிய பேராறுகளும் அவற்றின் கிளைகளும் அந்நாட்டை ஊடறுத்து ஓடுகின்றன. ஆற்று வண்டல் படிந்து எழும் திட்டுகளை ஆங்குச் 'சர்' என்பர். வெள்ளத்தில் கரைந்து பிறிதோரிடத்தில் தோன்றும் அத்திட்டுகளில் மின்கம்பம் நடுவது எளிய செயலன்று. பொழுது சாய்ந்தால் மண்ணெண்ணெய் விளக்கே அங்கே துணையாக இருந்தது. அதன் புகை சுவரைக் கரியாக்கும். அருகமர்ந்து படிக்கும் பிள்ளைகளின் மூச்சிலும் கலக்கும்.

சிலிக்கான் தகட்டின்மேல் ஒளி விழுந்தால் மின்னோட்டம் பிறக்கும். பயன்படத்தக்க சிலிக்கான் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-ஆம் ஆண்டில் உலகுக்குக் காட்டினர். கூரைமேல் வைத்த பலகை பகலில் தரும் மின்சாரம் பாட்டரியில் சேர்ந்து, இரவில் விளக்கை எரிக்கிறது. பாட்டரி அளவுமீறி நிரம்பாமலும் அடியோடு வற்றாமலும் ஒரு சிறு கருவி இடைநின்று காக்கும். பலகை இருபது ஆண்டுக்குக் குறையாமல் உழைக்கும்; ஈய அமிலப் பாட்டரியோ ஐந்தாண்டு உழைத்தாலே நன்று. ஆகவே இவ்வமைப்பின் உயிர்நிலை கூரையில் இல்லை. வீட்டு மூலையில் கிடக்கும் பாட்டரியில்தான் இருக்கிறது.

கருவி உண்டு, ஏழை உழவன் கையில் பணம் ஏது? கிராமின் சக்தி என்னும் அமைப்பு 1996-இல் தோன்றித் தவணை முறையில் இதனை விற்கத் தொடங்கியது. 2003-இல் 'இட்கால்' என்னும் அரசுடைமை நிதி நிறுவனம் உலக வங்கியின் துணையுடன் இவ்வழியைப் பெருக்கிற்று. அது நேரே விற்கவில்லை. சிற்றூர்களில் பழகிய தொண்டு நிறுவனங்களுக்குக் கடன் தந்தது. அவை வீடுகளில் பலகையைப் பொருத்தி, முன்பணம் போக எஞ்சியதை மாதத் தவணையாகத் தண்டின. தவணை தண்ட வருபவரே பழுதையும் கவனித்தார். விற்றுவிட்டு மறையும் வணிகனிடம் இதை எதிர்பார்க்க முடியுமா? 2008-க்குள் 50,000 வீடுகள் என்பது இலக்கு. 2005-லேயே அது நிறைவேறியது. குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி தரும் எல்.இ.டி. விளக்கு வந்தபின் சிறு பலகையும் போதுமானதாயிற்று. திட்டம் முடிவதற்குள் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் பொருத்தப்பட்டன. ஏறத்தாழ 2 கோடி மக்கள் ஒளி பெற்றனர்.

2013-இல் உச்சத்தைத் தொட்ட விற்பனை பின்னர்ச் சரிந்தது. மின்கம்பி எதிர்பார்த்ததினும் விரைவாகச் சிற்றூர்களை எட்டியது. அரசே வேறொரு திட்டத்தின்கீழ்ப் பலகைகளை இலவசமாகவும் வழங்கிற்று. அண்டை வீட்டார் இலவசமாகப் பெற்றதைக் கண்டவர், தாம் மட்டும் தவணை கட்ட மனம் கொள்வரோ? பலர் நிறுத்தினர். தவணை வாராததால் தொண்டு நிறுவனங்கள் தாம் வாங்கிய கடனைத் திருப்ப இயலாது திணறின. நாடெங்கும் மின்வசதி எட்டிவிட்டதாக அரசு 2022-இல் அறிவித்தது.

இதனைத் தோல்வி என்பார் உளர், அது பொருந்தாது. கம்பி வரும்வரை பிள்ளைகள் புகையின்றிப் படித்த இரவுகள் வீண் போகவில்லை. ஆனால் ஒரு கை கடன் கொடுக்க, மறு கை இலவசம் கொடுத்தது பெரும்பிழையே. எந்த ஊருக்கு எப்போது கம்பி வரும் என்பதைக் கடன் வாங்குமுன் அவ்வூரார்க்குச் சொல்லியிருந்தால், தவணையைத் தொடங்குவதா காத்திருப்பதா என்பதை அவர்களே தீர்மானித்திருப்பர்.