கலப்பை நேரானால் டிராக்டர் இழுக்கும்

இரண்டு கொழு கொண்ட இறக்கைக் கலப்பையை நடுத்தர மண்ணில் இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஒவ்வொரு கொழுவும் 14 அங்குல அகலத்துக்கு, 7 அங்குல ஆழத்துக்கு மண்ணை அறுக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு எதிர்ப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு கொழுவுக்கும் சேர்த்து ஏறக்குறைய 1,370 பவுண்டு, அதாவது 620 கிலோ. இந்தக் கலப்பையோடு வயலில் இறங்கிய 1939-ஆம் ஆண்டின் ஃபோர்டு 9என் டிராக்டரின் மொத்த எடையோ 2,340 பவுண்டுதான். அந்த எடையிலும் ஒரு பங்கு முன்சக்கரங்களின் மேல் கிடக்கிறது. மீதி எடையை மட்டும் நம்பினால் பின்சக்கரம் மண்ணில் வழுக்கிச் சுற்றியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சின்ன வண்டி உழுதது.

அதற்குக் காரணமானவர் வட அயர்லாந்துக்காரரான ஹாரி ஃபெர்குசன். முதல் உலகப் போரின்போது, 1917-இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும் முயற்சியில் டிராக்டர்களின் உழவைச் சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. அன்றைய டிராக்டர்கள் மாடு இழுத்ததைப் போலவே கலப்பையைச் சங்கிலி கட்டி இழுத்தன. கொழு பாறையிலோ வேரிலோ மாட்டினால் கலப்பை நின்றுவிடும், பின்சக்கரம் நிற்காது. வண்டியின் மூக்கு மேலே தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழும். அதே 1917-இல் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இப்படிக் கவிழ்ந்து பலரைக் கொன்றது.

ஃபெர்குசன் கலப்பையை வண்டியின் உறுப்பாகவே ஆக்கினார். கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். கீழ்க் கைகள் கலப்பையை இழுக்கும்போது மண் கொழுவைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கலப்பையின் தலை முன்பக்கம் சாயப் பார்க்கிறது. அந்தச் சாய்வு டாப் லிங்க் வழியாக வண்டியை முன்னோக்கி அழுத்துவதால் மூக்கு தூக்குவதில்லை. டாப் லிங்க் டிராக்டரோடு சேரும் இடத்தில் கனத்த சுருள்வில் ஒன்று இருக்கிறது. மண் இறுகினால் வில் அமுங்கும். அது ஹைட்ராலிக் வால்வைத் திறந்து கலப்பையைச் சற்றே தூக்கும். தூக்கும் அந்தக் கணத்தில் கலப்பையின் எடையும், அதன் மேல் புரளும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தில் ஏறிக்கொள்கின்றன. இழுவை அதிகம் தேவைப்படும்போதுதான் பிடிமானமும் கூடுகிறது. உழவுக் கருவிகளின் வரலாற்றில் இதைவிட அழகான யோசனை அரிது.

1938 அக்டோபரில் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் எழுத்து எதுவும் இல்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அதில் பிறந்ததுதான் 9என். பிறகு உறவு முறிந்து ஃபோர்டு நிறுவனம் 1947-இல் தன் பெயரில் 8என்னைக் கொண்டுவந்தது. வழக்கு நடந்து, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. 8என் மட்டும் 5 லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்கப் பண்ணைகளில் இன்றும் அவற்றில் பல ஓடுகின்றன.

பழைய வண்டி உழவில் திணறினால் பலரும் முதலில் எஞ்சினைச் சந்தேகிக்கிறார்கள். குற்றவாளி பெரும்பாலும் பின்னால் தொங்குகிறது.

உழும்போது வலப்பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடுகின்றன. ஆகவே 7 அங்குல ஆழத்துக்கு உழும் டிராக்டர் முழு நேரமும் வலது பக்கம் சாய்ந்தே போகிறது. கலப்பை மட்டும் சாயக் கூடாது. இதைச் சரிசெய்ய அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: சமமான சிமெண்ட் தரையில் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டையும் 7 அங்குலக் கட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு, கலப்பையைத் தரையில் இறக்குவது. தரைதான் இப்போது சாலின் அடி. வலது லிஃப்ட் தண்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி, கலப்பையின் சட்டம் தரைக்கு இணையாகும்வரை ஏற்றி இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் வயலுக்குப் போனால் ஒரு கொழு ஆழமாகவும் மற்றது மேலோட்டமாகவும் போகும். புரண்ட மண் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும்.

அடுத்தது டாப் லிங்க். அதைக் குறுக்கினால் கொழுவின் மூக்கு கவிழ்ந்து மண்ணைக் குத்தும். நீட்டினால் மூக்கு நிமிர்ந்து, சாலின் சுவரை ஒட்டி ஓடும் நிலப்பக்கத் தகட்டின் குதிகால், அதாவது பின்முனை, சாலின் அடியில் உராயும். ஆழம் போதவில்லை என்று டாப் லிங்கைக் குறுக்கிக்கொண்டே போவது பரவலான தவறு. ஆழத்தைத் தீர்மானிக்க வேண்டியது ஹைட்ராலிக் நெம்புகோல். டாப் லிங்கின் வேலை கலப்பையைப் படுக்கை வாட்டத்தில் சமமாக நிறுத்துவது மட்டுமே. குதிகால் சாலின் அடியில் மெல்லிய தடம் பதித்தால் அளவு சரி. ஆழமாகக் கீறினால் டாப் லிங்க் நீளம். தடமே இல்லையென்றால் மூக்கு அளவுக்கு மேல் கவிழ்ந்திருக்கிறது. 8என்னில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருக்கைக்கு அடியில் உள்ள சிறு நெம்புகோல், மண்ணின் இழுவையைப் பார்த்து இயங்குவதா, கலப்பையை ஒரே உயரத்தில் பிடித்துவைப்பதா என்று ஹைட்ராலிக்குக்குச் சொல்கிறது. அதைப் பிடித்துவைக்கும் நிலையிலேயே விட்டு உழுதால் ஃபெர்குசனின் கண்டுபிடிப்பு முழுவதும் வீண்.

முதல் கொழு அறுக்கும் அகலம் சக்கர இடைவெளியைப் பொறுத்தது. வலது பின்டயரின் உள்விளிம்பு சாலின் சுவரை ஒட்டி ஓடுகிறது; அங்கிருந்து முன்கொழுவின் நிலப்பக்கம்வரை உள்ள தூரம்தான் அறுக்கும் அகலம். சக்கரங்களை விரித்தால் முன்கொழுவின் அகலம் கூடும், நெருக்கினால் குறையும். இரண்டு கொழுவும் ஒரே அகலம் அறுக்காவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்டியரிங் பிடிப்பவரின் தோள் நோகும். மண்ணை முன்கூட்டி அறுக்கும் வட்டத் தகட்டின் அச்சு கொழுமுனைக்கு ஏறக்குறைய நேர் மேலே இருக்க வேண்டும். தகடு நிலப்பக்கத் தகட்டுக்கு அரை அங்குலம் வெளியே, உழாத பக்கமாக ஓட வேண்டும். அப்போதுதான் சாலின் சுவர் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

இத்தனையும் சரியாக வைத்தும் கலப்பை மண்ணில் இறங்க மறுத்தால் கொழுவைக் கழற்றிப் பாருங்கள். புதுக் கொழுவின் முனை சற்றே கீழ்நோக்கி வளைந்திருக்கும். மண்ணுக்குள் இழுத்துச் செல்வது அந்த வளைவுதான். அது தேய்ந்துவிட்டால் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. மண்ணைப் புரட்டும் இறக்கையில் துரு ஏறியிருந்தாலும் ஈரக் களிமண் வழுக்கிப் புரளாமல் ஒட்டிக்கொள்ளும்; இழுவிசை ஏறிவிடும்.

இறக்கைக் கலப்பையைக் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். மண்ணைத் தலைகீழாகப் புரட்டி வெறுமையாக விடும் வழக்கத்தை, அமெரிக்கச் சமவெளியின் புழுதிப் புயல்கள் அடங்கிய சில ஆண்டுகளில், 1943-இல் எட்வர்ட் ஃபாக்னர் ஒரு நூல் முழுக்கச் சாடினார். அவர் சொன்னதில் நியாயம் நிறைய இருந்தது. எந்த நிலத்தை எப்போது புரட்டுவது என்பது யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் புரட்டுவது என்று முடிவானால் அரைகுறையாகப் புரட்டுவதில் இருமடங்கு கேடு: டீசலும் போகிறது, மண்ணும் கெடுகிறது.

ஃபெர்குசனின் நிறுவனம் 1953-இல் மாஸி-ஹாரிஸோடு இணைந்தது. அந்த இணைப்பில் உருவான மாஸி ஃபெர்குசன் வழியில் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்களிலும் அதே மூன்று லிங்க், அதே ஹைட்ராலிக் தத்துவம்தான் இருக்கின்றன. வீட்டில் பழைய மாஸி நிற்கிறதென்றால், அடுத்த கோடை உழவுக்கு முன் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் முதலில் ஓர் அளவுகோலையும் இரண்டு கட்டைகளையும் எடுங்கள். உழவு முடிந்ததும் இறக்கையைத் துடைத்து எண்ணெய் பூசி நிழலில் வையுங்கள்.