மலிவு விலை ட்ரில்லிங் மெஷின் வாங்கலாமா?

'டவுன் சூப்பர் மார்க்கெட்டில் பெயர் தெரியாத கம்பெனியின் ட்ரில்லிங் மெஷினும் கட்டிங் மெஷினும் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டு வேலைக்கு வாங்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது பயிர் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனாலும் மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் அடிக்க, கேட்டுக்குக் கொண்டி மாட்ட, சொட்டுநீர் பைப்பில் துளை போட என்று ஆள் தேடி அலையும் சிரமம் நம் எல்லோருக்கும் உண்டு. அரை மணி நேர வேலைக்கு முழுநாள் கூலி கொடுக்கிறோம்.

என் பதில் இதுதான். ட்ரில்லிங் மெஷினில் காசு மிச்சம் பிடிக்கலாம். கட்டிங் மெஷினில் வேண்டாம்.

மணிக்கணக்கு போடுங்கள்

மாதம் இருபது துளை, துளைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கே நாலு மணி நேரம்தான் மெஷின் ஓடும். வெல்டிங் பட்டறையில் அது ஒரு நாள் ஓட்டம். பட்டறைக்காரர் வாங்கும் மெஷின் நமக்குத் தேவையில்லை. மரம், தகரம், பி.வி.சி. பைப், செங்கல் சுவர் வரை மலிவு ட்ரில்லிங் மெஷின் தாங்கும். கான்கிரீட் தூணிலும் பீமிலும் திணறும். அதற்கு ஹேமர் மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மலிவு மெஷின் சூட்டில்தான் சாகும். ஐந்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். மெல்லிய ஒயரில் நீளமாக இழுத்தால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் இன்னும் சூடாகும். பெட்டியோடு வரும் பிட்டுகளை நம்ப வேண்டாம். நல்ல பிட்டுக்குத் தனியாகச் செலவு செய்யுங்கள். பாதி வேலையை அதுதான் செய்கிறது.

பேட்டரி மெஷினின் அட்டையில் 48, 88 என்று பெரிய எண் போட்டிருப்பார்கள். அது வோல்ட் என்று நினைத்து ஏமாறாதீர்கள். சார்ஜரில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 21 வோல்ட் என்று இருந்தால் உள்ளே ஐந்து செல்தான். பேட்டரி தனியாகக் கிடைக்காத மெஷினை வாங்கவே வேண்டாம். முதலில் போவது பேட்டரிதான்.

கட்டிங் மெஷின் வேறு கதை

ஏ.ஜி.4 என்று பட்டறைகளில் சொல்லும் 4 அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அந்த வேகத்தில் டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. டிஸ்க் உடைந்தால் துண்டு எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

என் மைத்துனர் கருவேல விறகு வெட்டுவதற்காக, மூடியைக் கழற்றிவிட்டு மர பிளேடு மாட்டினார். பிளேடு மரத்தில் சிக்கியதும் மெஷின் கையை உதறிக்கொண்டு வந்து தொடையைக் கிழித்துவிட்டது. பதினொரு தையல். அது மலிவு மெஷின் அல்ல, நல்ல கம்பெனி மெஷின். நல்ல மெஷினையே தப்பாகப் பிடித்தால் இந்தக் கதி. மூடி ஆடுகிற, பக்கக் கைப்பிடி இல்லாத, சுவிட்ச் இறுகிக்கொள்கிற மெஷினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதனால் இவற்றைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள்:

* மூடியையும் பக்கக் கைப்பிடியையும் கழற்றாதீர்கள். மர பிளேடு மாட்டாதீர்கள்.
* டிஸ்க்கில் எழுதியிருக்கும் சுற்று, மெஷினில் எழுதியிருப்பதைவிடக் குறையக் கூடாது. நடுவளையத்தில் இருக்கும் காலாவதி தேதியையும் பாருங்கள்.
* கரன்ட் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் போட்டபடி இருந்தால், கரன்ட் வந்ததும் மெஷின் தானாக ஓடும்.
* கண்ணாடி அணியுங்கள். துண்டு, வேட்டி, சேலைத் தலைப்பு எதுவும் தொங்கக் கூடாது.
* வைக்கோல் போருக்கு அருகில் இரும்பு வெட்டாதீர்கள். ஒரு பொறி போதும்.

வாங்கும் முன்பு

உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மெஷின், எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாவிட்டால் மூன்று பின் பிளக்கும் வீட்டில் சரியான எர்த்தும் வேண்டும். எதுவானாலும் மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பிட் மாட்டும் தலை ஆடினாலும் கரகரவென்று சத்தம் வந்தாலும் வைத்துவிடுங்கள். அதற்கும் முன்பு, உங்கள் ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த மெஷினுக்குக் கார்பன் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் கிடைக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். உதிரிபாகம் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: ட்ரில்லிங் மெஷினை மலிவில் வாங்குங்கள். அதில் மிச்சமாகும் பணத்தைக் கட்டிங் மெஷினில் போடுங்கள். இப்போது பணம் போதவில்லை என்றால் ட்ரில்லிங் மெஷின் மட்டும் போதும். இரும்பு வெட்டும் வேலையை வெல்டிங் பட்டறைக்கே கொண்டு போங்கள். கொடுக்கும் கூலி வீணில்லை.