சாலை யாருக்கு? – 16: வேகப்பிரியர் செய்த கருவி

பெங்களூரு–மைசூரு சாலையில் 2023-ல் 188 உயிர்கள் போனதையும், மறு ஆண்டு அது 50 ஆகக் குறைந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். கேமராதான் காப்பாற்றியதா, பைக்கையும் ஆட்டோவையும் சாலையை விட்டு வெளியேற்றியது காப்பாற்றியதா என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் அபராதத் தள்ளுபடியைப் பற்றி எழுதுவதாகவும் சொல்லியிருந்தேன். அதற்காகப் படிக்க உட்கார்ந்த இடத்தில் ஒரு மனிதர் அகப்பட்டுவிட்டார். அவரைச் சொல்லாமல் தள்ளுபடிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயர் மாரிஸ் கட்சோனிடஸ். டச்சுக்காரர். 1911-ல் ஜாவாத் தீவில் பிறந்தவர். தொழில், மூச்சு எல்லாமே கார் பந்தயம். 1953-ல் மான்டி கார்லோ ராலியில் ஃபோர்டு செஃபிர் காரை ஓட்டி முதலிடம் பிடித்தார். அந்தப் பந்தயத்தின் முடிவைத் தீர்மானித்தது, மலைப்பாதையில் குறித்துக் கொடுத்த சராசரி வேகத்தைப் பிசகாமல் கடைப்பிடிக்கும் சோதனை என்பதைக் கவனித்து வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்த மனிதருக்கு ஓயாத கேள்வி ஒன்று இருந்தது. வளைவில் திரும்பும்போது தன் கார் உண்மையில் என்ன வேகத்தில் போகிறது? ஓட்டுகிறவர் அந்த நேரத்தில் வேகமானி முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஓரத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நிற்பவரின் விரல் ஒருநாள் முந்தும், ஒருநாள் பிந்தும். எனவே சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைக் கொஞ்ச தூரம் விட்டுப் போட்டார். சக்கரம் முதல் குழாயில் ஏறினால் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதில் ஏறினால் நின்றுவிடும். இடையிலுள்ள தூரம் தெரியும், நேரம் கையில் வந்துவிட்டது, வகுத்தால் வேகம். இன்னும் வேகமாகப் போவதற்காக அவர் செய்துகொண்ட கருவி இது! அதைப் போலீஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1958-ல் அவர் ஒரு கம்பெனியே தொடங்கினார். பிறகு கருவியோடு கேமரா சேர்ந்தது, அதற்குப் பிறகு ரேடார். இன்றைக்கும் பிரிட்டனில் வேகக் கேமராவைச் சாதாரணமாகச் சொல்லும் பெயர் ‘கட்சோ’தான். தன் கேமராவிலேயே தானும் அகப்பட்டு அபராதம் கட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1998-ல் இறந்தார்.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது, பிரிட்டனில் அந்தக் கேமராவைச் சாலையோரம் நட்ட விதம். கார் கடந்ததும் அது ஒரு படம் எடுக்காது, இரண்டு எடுக்கும். இரண்டுக்கும் நடுவே அரை வினாடி. கேமராவுக்கு எதிரே சாலையில் சம தூரத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். முதல் படத்தில் கார் எந்தக் கோட்டில், அடுத்த படத்தில் எந்தக் கோட்டில் என்று எண்ணினால் போதும். அரை வினாடியில் 15 மீட்டர் நகர்ந்திருந்தால் வினாடிக்கு 30 மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர். ரேடார் சொன்ன எண் சரியா தப்பா என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவரே பள்ளிக்கூடத்துப் பிள்ளையை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்தத் தொடர் தொடங்கிய நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான். கேமரா வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை எனக்கு முக்கியமில்லை. வேண்டும். ஆனால் ஒருவன் மேல் குற்றம் சாட்டுகிற இயந்திரம், விடையை மட்டும் சொன்னால் போதாது, வழிமுறையையும் அவன் கையில் கொடுக்க வேண்டும்.

எங்கள் கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர் தன் செல்போனை என்னிடம் நீட்டினார். பெங்களூருக்குச் சவாரி போய் வந்ததற்கு வந்த நோட்டீஸ். இருட்டில் எடுத்த ஒரே படம். ஹெட்லைட் வெளிச்சத்தில் பாதி கரைந்த பம்பர், ஓரத்தில் பெரிதாக்கி வைத்த நம்பர் பிளேட், கீழே தேதி, நேரம், தொகை. “வண்டி என்னுதுதாண்ணா, இல்லேன்னு சொல்லல. நான் அந்த வேகத்துல போனேன்னு இதுல எங்கண்ணா இருக்கு?” என்றார். நானும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கும் இல்லை.

சட்டம் அவர் பக்கம்தான் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மின்னணுக் கண்காணிப்புக்கு வாசல் திறந்த பிரிவு அது. அதைத் தொடர்ந்து 2021 ஆகஸ்டில் 167ஏ விதி வந்தது. கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். தெளிவான படம், கருவி அளந்த அளவு, இடம், நேரம், மீறிய பிரிவு, இவற்றோடு கருவி சரியாக வேலை செய்தது என்ற சான்றும் இருக்க வேண்டும். இத்தனையும் அந்த விதியிலேயே எழுதியிருக்கிறது. எழுதிய விதி ஆண்டர்சன்பேட்டை செல்போன் வரைக்கும் வந்து சேரவில்லை.

136ஏ பிரிவை நடைமுறைப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களை விரட்டிக்கொண்டிருக்கும் வழக்கைத் தொடுத்தவர் ஒரு தமிழ் மருத்துவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலையில் நொறுங்கிய உடம்புகளை மேசையில் கிடத்தித் தைத்தவர், 2012-ல் வழக்குப் போட்டார். கேமராவை வெறும் வசூல் இயந்திரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இவரைத்தான்.

இன்னொரு நல்ல செய்தி. 2025 ஜூலை 1 முதல், வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளையும் சட்டமுறை எடையளவுத் துறை சோதித்து முத்திரை வைக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் வெங்காயம் நிறுக்கும் தராசுக்கு எந்தச் சட்டமோ, அதே சட்டம் இப்போது ரேடாருக்கும். இத்தனை நாள் தராசுக்கு இருந்த கட்டுப்பாடு, மனிதனைக் கோர்ட்டுக்கு இழுக்கும் கருவிக்கு இல்லாமல் இருந்திருக்கிறது!

இயந்திரம் வேகத்தைக் கண்காணிப்பது தங்கவயலுக்குப் புதிதா என்ன? இங்கிருந்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஆட்களை ஏற்றிய கேஜ், கம்பி வடத்தில் தொங்கியபடி ஷாப்டில் இறங்கும்போது அதன் வேகத்தை, கேஜை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினின் டிரைவர் கவனத்துக்கு மட்டும் விட்டுவிடவில்லை. குறித்த வேகத்தைத் தாண்டினால் தானாகவே பிரேக் போடும் அமைப்பு இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும். கேஜ் மேல் வாயைத் தாண்டி இழுக்கப்படாமல் தடுப்பதும் அதன் வேலை. டிரைவருக்கு எதிரே ஆழம் காட்டும் முள். மணி மூன்று முறை அடித்தால் ஏறப்போவது ஆட்கள் என்று அர்த்தம், தாதுவைப் போல ஓட்டக் கூடாது. மாரிகுப்பத்தில் ஓய்விலிருக்கும் வைண்டிங் டிரைவர் ஒருவரிடம் வேகக் கேமராவைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் கேமராவை யார் டெஸ்ட் பண்றாங்க, எத்தனை நாளைக்கு ஒருதரம், புக்குல கையெழுத்து யாரோடது என்று வரிசையாகக் கேட்டார். பூமிக்கு மேலே நாங்கள் வருடக்கணக்காக விவாதித்துக்கொண்டிருப்பதை, கீழே ஆளை இறக்கியவர் மூன்று கேள்வியில் முடித்துவிட்டார். 2001-ல் சுரங்கத்தை மூடியபோது இந்த ஒழுங்கும் ஊரை விட்டுப் போய்விட்டதே என்று எனக்கு ஆறவில்லை.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதி, ஹொஸ்கோட்டையிலிருந்து மாலூர், பங்காருப்பேட்டை வழியாகப் பேத்தமங்கலம் பக்கம் வரும் சுமார் 71 கிலோமீட்டர், 2024 டிசம்பரில் ஓட்டத்துக்கு வந்துவிட்டது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சாலை. பைக்குக்கு அனுமதியில்லை என்பது சட்டம். ஆனால் பக்கத்துக் கிராமத்துக்காரருக்கு அதுதான் குறுக்குவழி. 2025 மார்ச்சில் பங்காருப்பேட்டை வட்டத்தில் காரும் பைக்கும் மோதி நான்கு பேர் இறந்தார்கள்.

இங்கே ஒற்றைக் கேமராவை நட்டுவைத்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பம் தெரிந்ததும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலேட்டர். எனவே நான் கேட்பது சராசரி வேகக் கேமரா. ஏறும் இடத்தில் ஒன்று, இறங்கும் இடத்தில் ஒன்று. இரண்டும் நம்பரையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொள்ளும். 120-ஐ வரம்பாக வைத்துக்கொண்டால் 71 கிலோமீட்டரைக் கடக்க முப்பத்தைந்தரை நிமிடம் ஆக வேண்டும். அரை மணியில் வந்து நின்றால் சராசரி 142. இதில் ரேடார் இல்லை, அலை இல்லை. ஓட்டியவர் தன் கைக்கடிகாரத்தையும் கிலோமீட்டர் கல்லையும் வைத்தே சரிபார்க்கலாம். கட்சோனிடஸ் போட்ட இரண்டு ரப்பர் குழாய்களை 71 கிலோமீட்டர் இடைவெளியில் போட்டது மாதிரிதான். அவர் கோப்பை வாங்கியதும் சராசரி வேகம் தவறாததால்தானே!

இதில் அவசரமும் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் கர்நாடகத்தில் 130-ஐத் தாண்டினால் அபராதத்தோடு விடுவதில்லை, எஃப்.ஐ.ஆர். போடுகிறார்கள். அப்போது கூடுதல் டி.ஜி.பி.யாக இருந்த அலோக் குமார் கொண்டுவந்த நடவடிக்கை. நான் அதை ஆதரித்து இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஆனால் 129-க்கு ரூபாய், 131-க்குக் கோர்ட் என்று வந்த பிறகு அந்த இரண்டு கிலோமீட்டரை அளந்த கருவியின் முத்திரையும் பதிவேடும் நோட்டீஸோடு சேர்ந்து வர வேண்டாமா? தங்கவயலுக்கென்று தனி எஸ்.பி. இருக்கிறார். கேமரா நம் எல்லைக்கு வருவதற்கு முன்பே இதைக் கேட்டு மனுக் கொடுக்கலாம்.

கேரளத்தில் 2023 ஜூனில் 726 கேமராக்களோடு அபராதம் விதிக்கத் தொடங்கியபோது எழுந்த புயலையும் எழுத நினைத்தேன், இடம் தீர்ந்துவிட்டது. அதைத் தள்ளுபடியோடு சேர்த்துவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தில் பாக்கி அபராதத்துக்கு 50 சதவீதத் தள்ளுபடி தந்தபோது 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது. 2025 ஆகஸ்டில் மறுபடியும் தந்தார்கள், முதலமைச்சர் சித்தராமையாவின் அரசு வாகனத்துக்கும் பாதி விலையில்தான் பாக்கி தீர்ந்தது. அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேருகிறது, பேத்தமங்கலம் சாலைக்கு அதிலிருந்து ஒரு விளக்குக் கம்பமாவது வருமா என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.