கடைக்கு வெளியே எத்தனை சாவி?



கணக்கு என்பது ஒரு காலத்தில் கடையை விட்டு வெளியே போகாத பொருள். சிட்டையும் பேரேடும் கணக்குப்பிள்ளையின் மேசை மேல் இருக்கும். கடை கட்டும்போது பெட்டிக்குள் போகும். சாவி முதலாளியிடம் இருக்கும். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்ததும் இந்த வழக்கம் மாறியது. கணக்கர் வீட்டிலிருந்தபடியே கடைக் கம்ப்யூட்டரின் டேலியைத் திறந்து பில் பதிந்தார். ஊரடங்கு போன பிறகும் பல கடைகளில் அந்த ஏற்பாடு நீடிக்கிறது. பகுதி நேரக் கணக்கர் இரவில் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறார். லைன் போகும் விற்பனையாளர் செல்போனிலேயே ஆர்டர் ஏற்றுகிறார்.

இதில் வசதி உண்டு, செலவும் குறைவு. ஆனால் நம் கடையைத் திறக்கும் சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று கேட்டால், நம்மில் பலரால் உடனே பதில் சொல்ல முடியாது.

ஒரு பழைய சாவி செய்த வேலை

அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து கிழக்குக் கடற்கரைக்குப் பெட்ரோலும் டீசலும் கொண்டு செல்லும் கலோனியல் பைப்லைன் நிறுவனம், 2021 மே 7 அன்று தன் குழாய்களை நிறுத்த வேண்டியதாயிற்று. திருடர்கள் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அவர்கள் புகுந்த வழி, வெளியிலிருந்து வேலை பார்ப்பதற்காக முன்பு கொடுத்திருந்த ஒரு பழைய கணக்கு. அது பயன்பாட்டில் இல்லை. ஆனால் மூடப்படவும் இல்லை. ஒரே ஒரு பாஸ்வேர்டு, அதற்கு மேல் ஓ.டி.பி. போன்ற இரண்டாம் பூட்டு கிடையாது. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பெறுமான பிட்காயின் கொடுத்தது. மே 12-ல்தான் குழாய்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. பின்னர் அரசு அதில் ஒரு பகுதியை மீட்டது.

2013-ல் அதே நாட்டின் டார்கெட் என்னும் பெரிய கடை நிறுவனத்தில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர் கார்டு விவரங்கள் திருடு போயின. அங்கே வழியானது, குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரரிடம் இருந்த பாஸ்வேர்டு.

பெரிய இடத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். வேலையை விட்டுப் போன கணக்கரின் பாஸ்வேர்டை நாம் மாற்றினோமா? டேலி சரிசெய்ய வந்த பையன் போட்டுவிட்டுப் போன எனிடெஸ்க் இன்னும் திறந்தே இருக்கிறதா?

நம் தொழிலில் நஷ்டம் வரும் வழி

முதலாவது, வங்கியிலிருந்தோ கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, வீட்டிலிருக்கும் கணக்கரிடம் ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். அதை இறக்கியவுடன் திரை முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும்.

இரண்டாவது, சரக்கு அனுப்பும் மண்டியின் பெயரில், ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்’ என்று செய்தி வரும். கடையில் இருந்தால் கணக்கர் முதலாளியை ஒரு வார்த்தை கேட்பார். வீட்டில் தனியே இருப்பவர் அவசரத்தில் பணத்தை அனுப்பிவிடுவார்.

மூன்றாவது, கோப்புகளைப் பூட்டும் வைரஸ். 2017 மே மாதம் பரவிய வான்னகிரை, 150-க்கும் மேற்பட்ட நாடுகளைத் தாக்கியது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்களே பெரும்பாலும் மாட்டின.

நூற்றுக்கு 2 ரூபாய் நிற்கும் சரக்கில் 3 லட்சம் போனால், ஒன்றரைக் கோடிக்கு விற்றால்தான் அந்த முதல் திரும்பும். நிலுவைக் கணக்கே அழிந்துவிட்டால், யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பதற்கே ஆதாரம் இராது.

செய்ய வேண்டியவை

1. ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்த வேண்டாம். டேலியில் ஆளுக்கொரு பெயரும், அவரவர் வேலைக்கேற்ற உரிமையும் கொடுக்கலாம். இ-வே பில் தளத்திலும் துணைப் பயனர்களை ஏற்படுத்தலாம். ஆள் விலகும் அன்றே அவர் கணக்கை மூடிவிடவும்.

2. மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பு முறையைப் போடவும்.

3. ஒருவர் பணப் பரிமாற்றத்தைப் பதிய, மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை பல வங்கிகளின் வணிகக் கணக்குகளில் உண்டு. கணக்கர் பதியட்டும், ஒப்புதல் முதலாளியிடம் இருக்கட்டும்.

4. வங்கிக் கணக்கு மாறியதாகச் செய்தி வந்தால், அதிலுள்ள எண்ணை அழைக்க வேண்டாம். நம்மிடமுள்ள பழைய எண்ணில் பேசி, குரலைக் கேட்ட பிறகே அனுப்பவும்.

5. கணக்கு வேலைக்குத் தனிக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுப்பது நல்லது. பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் கடைக் கணக்கு வேண்டாம். வீட்டு வைஃபை பெட்டியின் முதல் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனிக்கவும்.

6. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி டிஸ்கில் நகல் எடுத்து, டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைக்கவும். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்கையும் வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வழி உண்டு. கம்ப்யூட்டரின் இணைய இணைப்பைத் துண்டிக்கவும். ஆனால் எதையும் அழிக்க வேண்டாம். அவை புகாருக்கு ஆதாரம்.

இங்கே முதலாளிமார்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். திட்டு விழும் என்று பயப்படும் ஊழியர், நடந்ததை மறுநாள் வரை மறைப்பார். அந்த ஒரு ராத்திரி போதும், பணம் கைமாறிப் போக. ‘தப்பு நடந்தால் நடுச்சாமமானாலும் கூப்பிடு, கோபப்பட மாட்டேன்’ என்று இன்றே சொல்லி வைப்பது எந்தப் பூட்டுக்கும் குறைந்ததல்ல.

வருடம் ஒருமுறை சரக்கு இருப்பு எடுப்பது நம் வழக்கம். அதே நாளில் சாவி இருப்பும் எடுப்போம். யாருக்கு எந்தக் கணக்கு, எந்தப் பாஸ்வேர்டு, இன்னும் தேவையா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம். வைத்திருப்பவர் பெயரை மட்டும் எழுதினால் போதும். தேவையற்ற பெயர்களை அன்றே அடித்துவிடுங்கள்.