சாக்பீஸில் வரைந்த சமையலறை

வயர் குழாய்க்காகச் சுவரை வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பூசாத செங்கல் சுவர் முன்னால் என் மனைவி சாக்பீஸும் கையுமாக நின்றாள். அடுப்பு இங்கே, கிரைண்டர் அங்கே, ஃபிரிட்ஜ் இந்த மூலை என்று ஒவ்வொன்றையும் அதனதன் அகலத்திலும் உயரத்திலும் வரைந்தாள். பிறகு, இல்லாத அடுப்பில் இல்லாத வாணலியை வைத்துத் தாளித்துப் பார்த்தாள். திரும்பி ஃபிரிட்ஜைத் திறப்பதுபோல் கையை வீசினாள். கதவு மேடையில் இடிக்கும் என்று தெரிந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள்.

இருபத்தெட்டு வருடமாகக் கோயம்புத்தூரில் வயரிங் வேலை செய்கிறேன். இப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை. "கிச்சனுக்கு எத்தனை பாயிண்டுங்க வைக்கட்டும்?" என்று கேட்டால், "எப்பவும் வைக்கிற மாதிரி வெச்சிருங்க" என்பார்கள். பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிக் குடிபோன பிறகுதான் கடைக்குப் போவார்கள். ஒரு வாரத்தில் எனக்கு போன் வரும்: "அண்ணா, பிளக் சேர மாட்டேங்குதுங்க."

சேராத அந்த பிளக்கில்தான் விஷயம் இருக்கிறது. சமையலறைப் பொருள் வாங்கப் போகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள். பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும் சின்ன சீட்டைப் பார்ப்பதில்லை. எத்தனை வாட் என்பது அதில் இருக்கும். அந்த எண்ணை 230-ஆல், அதாவது நம் வீட்டு வோல்ட்டேஜால், வகுத்தால் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பது தெரிந்துவிடும். சின்ன பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர், ஏறக்குறைய 1,380 வாட் வரை தாங்கும். பெரியது 16 ஆம்பியர், 3,680 வாட் வரை. மிக்ஸி 750 வாட், கிரைண்டர் 150 வாட் என்றால் சின்ன பாயிண்டே போதும். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் 1,500 வாட். இவை பெரிய பாயிண்ட் கேட்பவை. மைக்ரோவேவில் 800 வாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் உணவுக்குப் போகும் சூட்டின் கணக்கு. சுவரிலிருந்து அது இழுப்பது 1,200 வாட்டை ஒட்டி இருக்கும்.

பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் சேர்க்க ஒரு கன்வெர்ஷன் பிளக் ஐம்பது நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது. அதில் இண்டக்‌ஷனைச் சொருகி, சுவிட்ச் பெட்டி உருகிப் போய், சுவரில் கரி படிந்த சமையலறைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். சுவர் வெறும் செங்கல்லாக நிற்கும்போது ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் கூடுதலாக வைக்க ஆகும் செலவு சொற்பம். டைல்ஸ் ஒட்டிய பிறகு அதே பாயிண்டுக்கு டைல்ஸையும் உடைக்க வேண்டும், மனதையும் தேற்றிக்கொள்ள வேண்டும்.

வடவள்ளிக்கு மேற்கே மூன்று சென்ட் இடத்தில் போன வருடம் சொந்த வீடு கட்டினோம். சமையலறை எட்டுக்குப் பத்து. நான் பாயிண்ட் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மனைவி நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏனுங்க, என்ன வாங்கறதுன்னு அப்பறம் பாக்கலாம். நாம என்ன ஆக்கறோம்னு மொதல்ல எழுதுங்க." எழுதினோம். வாரத்தில் ஐந்து நாள் இட்லி அல்லது தோசை. தினமும் ஒரு சட்னி. அரிசிம்பருப்புச் சாதம், கீரைக் கடைசல், கொள்ளு ரசம். ஞாயிற்றுக்கிழமை கோழி. கேக்கோ ரொட்டியோ எங்கள் வீட்டில் யாரும் சுட்டதில்லை, சுடுவதாகவும் இல்லை. ஓவன் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து போய்விட்டது. மைக்ரோவேவை மகள் கேட்டாள். பாயிண்ட் மட்டும் வைத்திருக்கிறேன்.

பட்டியலில் முதலில் நின்றது கிரைண்டர். கோயம்புத்தூர்க்காரனுக்கு இதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. 1955-இல் இந்த ஊரைச் சேர்ந்த பி. சபாபதி என்பவர்தான் முதன்முதலில் வெட் கிரைண்டரைச் செய்தார். இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மிக்ஸியிலேயே மாவு அரைத்துக்கொள்ளலாமே என்று இளம் தம்பதிகள் கேட்கிறார்கள். அரைக்கலாம்தான். மிக்ஸியின் பிளேடு பயங்கர வேகத்தில் சுற்றி வெட்டுவதால் மாவு சூடாகும், அதற்காக ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும். கிரைண்டரில் கல் நிதானமாக நசுக்குகிறது. உளுந்து காற்றை வாங்கிக்கொண்டு பொங்கி வருவது அந்த நிதானத்தால்தான். கரண்ட் கணக்கும் பயப்படும்படி இல்லை. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் ஓடினால் 0.075 யூனிட். 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடினாலே 0.06 யூனிட்டைத் தாண்டிவிடும்.

கிரைண்டரில் பலர் யோசிக்காதது அது நிற்கும் உயரம். மேஜை கிரைண்டர் என்று பெயர் இருப்பதால் 34 அங்குல அடுப்பு மேடை மேலேயே ஏற்றிவிடுகிறார்கள். அதன் வாய் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. கல்லும் மாவுமாகப் பாத்திரத்தை அந்த உயரத்திலிருந்து தூக்கி இறக்கினால் தோள்பட்டை என்ன ஆவது? என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அதனால் அடுப்படியை ஒட்டிய சின்ன வேலை அறையில் இரண்டடி உயரத்தில் ஒரு தனித் திண்டு கட்டினோம். பக்கத்திலேயே குழாயும் தண்ணீர் போகும் வழியும் இருப்பதால் கழுவுவதற்காக எதையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் அளவு போதும்.

மிக்ஸி புதிதாக வாங்கவில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் அம்மாவின் ரேஷன் கார்டுக்கு வந்த மிக்ஸி இன்னும் நன்றாக ஓடுகிறது. மிக்ஸி பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கெட்டியான சட்னியோ மஞ்சளோ போட்டு ஓட்டும்போது திடீரென்று நின்றுவிட்டால், அது கெட்டுப்போய்விட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் அதிகமானால் மோட்டாரைக் காப்பாற்ற அது தானாக விடுபட்டுக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கி, கொஞ்சம் ஆறவிட்டு, அழுத்தினால் மறுபடி ஓடும்.

ஃபிரிட்ஜ் வாங்கப் போனபோது மனைவி ஒரு டேப்பும், மாவு வைக்கும் தூக்கின் உயரத்தைக் குறித்த சீட்டும் எடுத்துவந்தாள். கடையில் தட்டுகளுக்கு நடுவே அளந்து அளந்து பார்த்தாள். அழகான ஒரு மாடலில் எங்கள் தூக்கு நுழையாது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் நட்சத்திரச் சீட்டைப் பார்த்தேன். நட்சத்திரங்களை எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அதே சீட்டில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று ஓர் எண் இருக்கிறது, அதைப் படிக்க வேண்டும். நட்சத்திரம் என்பது அந்த அளவு, அந்த வகை ஃபிரிட்ஜ்களுக்குள் வைத்துப் பார்ப்பது. பெரிய ஃபிரிட்ஜின் ஐந்து நட்சத்திரம், சின்ன ஃபிரிட்ஜின் மூன்று நட்சத்திரத்தைவிட அதிகக் கரண்ட் இழுக்கலாம். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், சீட்டில் எந்த வருடத்துக்கானது என்று போட்டிருப்பதையும் பாருங்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாள் முழுவதும் ஓடும் பொருள் இது ஒன்றுதான் என்பதால், அந்த நூறில் ஃபிரிட்ஜ் எவ்வளவு தின்னும் என்பதை வாங்கும்போதே கணக்குப் போட்டுவிடலாம்.

மூலையில் வைப்பதானால், கீல் இருக்கும் பக்கம் சுவரையோ மேடையையோ ஒட்டி வரக் கூடாது. கதவு முழுதாகத் திறக்காவிட்டால் காய்கறி டிரே வெளியே வராது. என் மனைவி சாக்பீஸில் வரைந்து அழித்தது இதற்காகத்தான்.

இண்டக்‌ஷனுக்கு ஒரு காந்தத்துண்டை வைத்து எங்கள் பாத்திரங்களையெல்லாம் சோதித்தோம். அடியில் காந்தம் ஒட்டினால்தான் அந்த அடுப்பில் சூடேறும். இட்லிப் பானை அலுமினியம், ஒட்டவில்லை. குழம்புச் சட்டி மண், அதுவும் இல்லை. பித்தளைப் பாத்திரமும் தேறவில்லை. இரும்பு தோசைக்கல் ஒட்டியது, ஆனால் சுருள் இருக்கும் நடுப்பகுதி மட்டும் காய்ந்து ஓரம் வேகாது. ஆகவே கேஸ் அடுப்புதான் எங்களுக்கு முக்கியம், பாலுக்கும் வெந்நீருக்கும் ஒரு சின்ன இண்டக்‌ஷன். இரண்டையும் வைத்திருப்பதில் ஒரு நிம்மதி உண்டு, சிலிண்டர் தீர்ந்த இரவில் தெரியும்.

சிலிண்டரைப் பற்றி ஒரு வயர்மேனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். மேடைக்கு அடியில் அழகாகக் கதவு போட்டு சிலிண்டரை மூடிவைக்கிறவர்கள், கதவின் அடிப்பாகத்தில் காற்று போக ஓட்டைகள் விட வேண்டும். அந்த அலமாரிக்குள் எந்த சுவிட்ச் பாயிண்டும் வைக்கக் கூடாது. தண்ணீர் சுத்திகரிப்பானுக்கும் டிஷ்வாஷருக்கும் அங்கேதான் வசதி என்று டிசைனர் சொன்னாலும் நான் வைக்க மாட்டேன். இதற்காக இரண்டு வேலைகளை விட்டிருக்கிறேன்.

சிம்னி வேண்டுமா என்பது ஜன்னலைப் பொறுத்தது. எங்கள் அடுப்படியில் இரண்டு பக்கம் ஜன்னல், தாளிக்கும் இடத்துக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அது போதுமாக இருக்கிறது. அடுக்குமாடி வீட்டில், ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறையில், சிம்னி தேவைதான். வாங்குவதானால் புகையை வெளியே தள்ளும் குழாய் வைத்ததாக வாங்குங்கள். குழாய் இல்லாமல் கரி ஃபில்டரில் வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் வகை, வாடையைக் கொஞ்சம் குறைக்குமே தவிர சூட்டையும் ஈரத்தையும் வெளியே கொண்டுபோகாது. ஆறு அங்குலக் குழாய்க்கான ஓட்டையை டைல்ஸுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். குழாய் எத்தனை இடத்தில் வளைகிறதோ அத்தனைக்கு இழுவை குறையும். வழியில் பீமோ பரணோ குறுக்கே வருகிறதா என்று மேஸ்திரியிடம் முதலிலேயே கேளுங்கள். அடுப்புக்கு மேலே ஏறக்குறைய இரண்டரை அடிக்குள் சிம்னி இருந்தால்தான் இழுக்கும்.

தண்ணீருக்கு ஆர்.ஓ. வாங்குவதற்கு முன் டி.டி.எஸ். மீட்டரில் அளந்து பாருங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். எங்களுக்கு வரும் சிறுவாணித் தண்ணீர் மூன்று இலக்கத்தையே தொடவில்லை, அதற்கு ஆர்.ஓ. வீண், அது தள்ளிவிடும் தண்ணீரும் வீண். போர் தண்ணீர் 1,200-ஐத் தாண்டியது. அதைக் குடிக்கிறவர்களுக்கு ஆர்.ஓ. வேண்டும்தான். டிஷ்வாஷருக்கு இப்போது ஆசையில்லை, தண்ணீர் வரவும் போகவும் வழியும் ஒரு 16 ஆம்பியர் பாயிண்டும் மட்டும் விட்டுவைத்திருக்கிறோம்.

இவ்வளவும் சொன்னபிறகு, எதைவிடவும் எனக்கு முக்கியமானது எர்த். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் வாடகை வீட்டுக்கு முதல் கிரைண்டர் வந்தது. அந்த வீட்டில் எர்த் கிடையாது. பிளக்கின் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. ஈரக்கையால் மாவைத் தள்ளும்போதெல்லாம் அம்மாவுக்குச் சுருக்கென்று அடிக்கும். "லேசா இழுக்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, மரப்பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்று அரைப்பார். அடுப்படிக்குள் செருப்போடு வரக் கூடாது என்று எங்களைக் கண்டித்தவர், கிரைண்டருக்காக மட்டும் ஒரு ஜோடியை உள்ளே வைத்திருந்தார். பின்னால் ஐ.டி.ஐ.யில் எர்த் பற்றி வாத்தியார் சொல்லித் தந்த அன்று, வகுப்பில் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்த இழுப்பு லேசானது என்று நினைக்காதீர்கள். கரண்ட் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது என்று அர்த்தம். எர்த் கம்பி ஒழுங்காக இருந்தால் அது கம்பி வழியாகப் போய்விடும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயின் போர்டில் இருந்தால், கசிவு வந்த கணத்திலேயே லைனைத் துண்டித்துவிடும். புது வீட்டில் வேறு எதைக் குறைத்தாலும் இந்த இரண்டையும் குறைக்காதீர்கள். எங்கள் வீட்டில் எட்டடி ஆழத்துக்கு எர்த் குழி எடுத்து, உப்பும் கரியும் போட்டு, நானே நின்று புதைத்தேன். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. அடுப்படிக்குத் தனி லைன், ஃபிரிட்ஜுக்கு இன்னொரு தனி லைன்.

குடிபோன மூன்றாம் நாள் விடியற்காலையில் கிரைண்டர் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா திண்டு பக்கத்தில் நின்றிருந்தார். தரையெல்லாம் ஈரம், கையெல்லாம் உளுந்து. பழைய ரப்பர் செருப்பு காலில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் கிரைண்டரின் உடம்பில் என் ஈரக்கையை வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு நின்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணலையா கண்ணு?"

"இல்லீங்மா."

செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிட்டு, மாவைத் தள்ளப் போனார்.