டர்போ காருக்கு ஹெட் போர்ட்டிங்: 1,20,000 ரூபாய் போடலாமா?



ஆரணியில பட்டுச் சேலை மொத்த வியாபாரம் பண்ற ஒரு தம்பி, ரிட்டர்ன் விஷயமா ஆபீஸுக்கு வந்திருந்தார். போகும்போது ஒரு கொட்டேஷனை நீட்டினார். "சார், என் போலோ 1.0 டி.எஸ்.ஐ.க்கு ஹெட் போர்ட்டிங் பண்ணப்போறேன். 1,20,000 ஆகுமாம். கடைச் செலவுல காட்டிடலாமா?"

அவர் கேட்டது வரியைப் பத்தி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு: இந்தச் செலவே தேவையா?

போர்ட்டிங் என்ன செய்யும்?

சிலிண்டர் ஹெட்ல காத்து உள்ளே வர்ற, புகை வெளியே போற வழிகளைத் தேய்ச்சுச் சீராக்குறதுதான் போர்ட்டிங். டர்போ இல்லாத இன்ஜின் காத்தைத் தானே இழுக்கணும். அதனால அங்கே இது நல்லா பலன் தரும்.

டர்போ இன்ஜின்ல காத்தை அழுத்தித் தள்ள ஒரு டர்போ இருக்கு. எவ்வளவு டார்க் தரணும்னு இ.சி.யு. கணக்குப் போட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும். வழியை அகலமாக்கினா, அதே டார்க்கைக் கொஞ்சம் குறைஞ்ச பூஸ்ட்ல கொடுத்துட்டுப் போயிடும். ரிமேப் பண்ணாம விட்டா வித்தியாசமே பெருசா தெரியாது. ரிமேப் பண்ணாலும், கம்பெனி கொடுத்த சின்ன டர்போ தன் எல்லையைத் தொட்டதும் நின்னுடும்.

நம்ம ஊர் பாஷையில சொல்றேன். பத்துத் தறி இருக்கு, பாவு தயாராகி வர்றது எட்டுத் தறிக்குத்தான். இன்னும் ரெண்டு தறி வாங்கிப் போட்டா சேலை கூடுமா?

இன்னொண்ணு. இந்த 1.0 டி.எஸ்.ஐ. இன்ஜின்ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோட சேர்ந்தே வார்க்கப்பட்டது. உள்ளே கை வைக்கிறது கஷ்டம். அளவுக்கு மீறித் தேய்ச்சா காத்தோட வேகம் குறைஞ்சு, டவுனுக்குள்ள ஓட்டும்போது இழுவை போயிடும்.

இப்போ கணக்கு

• இது ரிப்பேர் இல்லை, மேம்பாடு. அதனால மூலதனச் செலவு. முழுசா ஒரே வருஷத்துல கழிக்க முடியாது. தேய்மானம் 15%, அதாவது 18,000. கார் 60% தொழிலுக்கு ஓடுதுன்னா 10,800. அவர் 20% ஸ்லாப். முதல் வருஷ வரி மிச்சம் (செஸ் தவிர) வெறும் 2,160 ரூபாய்! அந்த வருஷத்துல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதுலயும் பாதிதான்.

• 6% அல்லது 8% லாபம் காட்டுற அனுமான வரி முறையில இருக்கீங்களா? தனியா ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது.

• இந்த மாதிரி கார் வேலைக்குக் கட்டுற ஜி.எஸ்.டி.க்கு இன்புட் கிரெடிட்டும் கிடையாது.

• இவருக்கு பேங்க்ல 10.5% வட்டிக்கு சி.சி. கடன் ஓடுது. அதே 1,20,000-ஐ அங்கே கட்டினா வருஷம் 12,600 ரூபாய் வட்டி மிச்சம்.

கொட்டேஷன்ல வராத செலவும் இருக்கு. வாரண்டி பாக்கி இருந்தா சிக்கல். இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட எழுத்துல சொல்லாம மாத்தினா, கிளைம் நேரத்துல பிரச்சினை. விற்கும்போது, "இன்ஜினைப் பிரிச்ச வண்டியா?"ன்னு விலையைக் குறைப்பாங்க.

அப்போ யாருக்கு இது சரி?

பெரிய டர்போ போட்டு டிராக்ல ஓட்டுறவங்களுக்கு சரி. அவங்களுக்கு அதே பவர் குறைஞ்ச பூஸ்ட்ல, குறைஞ்ச சூட்டுல கிடைக்கும். இல்லைன்னா, வேற ரிப்பேருக்காக ஹெட்டை ஏற்கனவே கழட்டியிருக்கணும். கேஸ்கெட், போல்ட், லேபர் எல்லாம் எப்படியும் கொடுக்கிற காசு. போர்ட்டிங்குக்குத் தனியா ஆகுற செலவு குறைவு.

சேலை மூட்டையை ஏத்திக்கிட்டு ஆரணிக்கும் சென்னைக்கும் ஓடுற காருக்கு இது வேண்டாம்னு சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி சார், நாலு டயர் மட்டும் மாத்திக்கிறேன்"னார். மீதி சி.சி. அக்கவுண்டுக்குப் போச்சு.

ஆசைக்குச் செலவு பண்றது தப்பில்லை நண்பர்களே. ஆனா அதை ஆசைன்னே எழுதி வையுங்க, தொழில் செலவுன்னு எழுதாதீங்க. முழுக் கணக்கையும் இந்த வார வீடியோவுல போட்டுக் காட்டியிருக்கேன், பார்த்துட்டு உங்க காருக்கும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.