திரை பெரிதானால் போதுமா?



கடற்கரையில் நின்றுகொண்டு தொலைவில் வரும் படகு ஒன்றைத் தூரக்கண்ணாடியின் வழியாகப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வானம் தெளிந்திருந்தால் படகின் கொடியும் அதில் நிற்கும் ஆளும் நன்கு புலப்படுவர். மூடுபனி படர்ந்திருந்தாலோ, கண்ணாடி படகைப் பெரிதாக்குவதோடு பனியையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டும். பெருமை வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுவதில்லை. இன்று வீடுதோறும் வந்து சேரும் பெரிய திரைத் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசப் புகுமுன் இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு உங்களை வேண்டுகிறேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே, ஒருபுறம் உப்பளங்களும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் சூழ அமைந்த எங்கள் தருவைகுளத்தில், ஆழ்கடலுக்குச் சென்று பல நாள் தங்கி மீன் பிடிப்போர் மிகுதி. அத்தகைய இளைஞர் ஒருவர், நெடுநாள் சேமித்த பொருளைக் கொண்டு 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அவர் வீட்டில் அதுவரை இருந்தது, 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட 14 அங்குல வண்ணப் பெட்டி. புதியதைப் பொருத்திய அன்று மாலையே என் வீட்டு வாயிலில் வந்து நின்று, "சார், ஒரு தடவை வந்து பாருங்க. ஏமாந்துட்டேனோன்னு தோணுது" என்றார்.

சென்று பார்த்தேன். படம் கலங்கிக் கிடந்தது. முகங்களின் ஓரங்கள் பிசிறிட்டிருந்தன. இளைஞரின் தாயாருக்கு இருந்த குறையோ வேறு. "மகன் கடலுக்குப் போனா நான் பார்க்கிறது கீழே ஓடுற எழுத்தைத்தான் தம்பி. புயல் எங்கே நிக்குதுன்னு அதிலேதானே போடுவான்? இந்தப் பெட்டியிலே அதையே காணோமே!" என்றார் அவர். உண்மைதான். திரையின் அடியில் ஓட வேண்டிய செய்தி வரியின் மேல்விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. எழுத்துகள் சட்டத்துக்கு அப்பால் மறைந்துவிட்டன. 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் தென்கடலில் எத்தனை குடும்பங்களைக் கலங்க வைத்தது என்பதை அறிந்தவர்கள், அத்தாயின் குறையைச் சிறிதென்று தள்ளமாட்டார்கள்.

பெட்டியில் பழுது ஏதும் இல்லை. பழுது, பெட்டிக்கு வந்து சேரும் வழியில் இருந்தது. அதை விளங்கிக்கொள்ளச் சிறிது கணக்குத் தேவைப்படுகிறது.

தொலைக்காட்சிப் படம் என்பது வரிவரியாக அடுக்கப்பட்ட புள்ளிகளின் கூட்டம். 1926-ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் லோகி பெயர்டு என்பார் செய்து காட்டிய படத்தில் 30 வரிகளே இருந்தன. நம் நாட்டில் 1959-இல் தில்லியிலும், 1975-இல் சென்னையிலும் தொடங்கிய ஒளிபரப்பு 625 வரிகள் கொண்டது. அவற்றுள் படமாகக் கண்ணுக்குத் தெரிபவை ஏறத்தாழ 576. உயர்தெளிவு எனப்படும் எச்.டி. படத்திலோ 1,080 வரிகள், வரிக்கு 1,920 புள்ளிகள். ஆக 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். நான்கு கே என்று விளம்பரப்படுத்தப்படும் திரையில் இதைப்போல் நான்கு மடங்கு, அதாவது சுமார் 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நுண்கூறுகளால் ஆனது. பின்னிருந்து வரும் ஒளியை, இடையேயுள்ள திரவப் படிகம் மின்னழுத்தத்துக்கு ஏற்பக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. மதகைத் திறந்து மூடி உப்புப் பாத்திக்கு நீர் பாய்ச்சுவதைப் போன்ற வேலை அது.

இனி, கண்ணின் ஆற்றலைப் பார்ப்போம். நல்ல பார்வையுடையவர், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தில் அமைந்த நுட்பத்தைப் பிரித்தறிய வல்லவர். 3 மீட்டர் தொலைவில், அதாவது ஏறக்குறைய பத்தடியில், இது 0.87 மில்லிமீட்டர் ஆகும். அதைவிடச் சிறிய புள்ளிகள் அங்கிருந்து நோக்கும்போது ஒன்றோடொன்று கலந்து, சீரான படமாகத் தோன்றும். பெரியவையோ தனித்தனியே உறுத்தும்.

பழைய 14 அங்குலப் பெட்டியில் படத்தின் உயரம் 21 சென்டிமீட்டர். அதில் 576 வரிகளை அடுக்கினால் ஒரு வரியின் தடிப்பு 0.37 மில்லிமீட்டர், கண்ணுக்குப் பிடிபடாது. புதிய 55 அங்குலத் திரையின் உயரம் 68.5 சென்டிமீட்டர். அதே 576 வரிகளை அதில் பரப்பினால் ஒரு வரி 1.19 மில்லிமீட்டராகத் தடித்துவிடுகிறது. கண் அதன் குறையைக் கண்டுபிடித்துவிடும். அதே திரைக்கு எச்.டி. படம் வந்தாலோ வரியின் தடிப்பு 0.63 மில்லிமீட்டரே, படம் தெளிந்து நிற்கும். நான்கு கே படத்தில் அது 0.32 மில்லிமீட்டர். ஆனால் பத்தடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு முன்னதே போதுமாதலால், பின்னதன் மிகைநுட்பம் பெரும்பாலும் வீணே. இக்கணக்கை அறிந்தவன் கடைக்காரர் சொல்லுக்கு மயங்கான்.

அவ்வீட்டில் நடந்தது என்ன? பெட்டி புதிது, மற்றவை யாவும் பழையவை. கூரைமேல் இருந்த டிஷ்ஷிலிருந்து பழைய செட்டாப் பாக்ஸுக்கு வந்த கம்பி, அங்கிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட மூன்று கம்பிகளால் தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டிருந்தது. சிவப்பும் வெள்ளையும் ஒலியைக் கொண்டு செல்வன. மஞ்சள் ஒன்றே படத்தின் ஒளியையும் வண்ணத்தையும் கலந்து சுமந்து வருகிறது. உயர்தெளிவுப் படம் அந்த வழியில் வர இயலாது. அதற்கென அமைந்தது எச்.டி.எம்.ஐ. கம்பி. நல்லவேளையாக அந்தப் பாக்ஸிலேயே அதற்குரிய துளை இருந்தது. மாற்றிச் செருகியவுடன் ஓரப் பிசிறுகள் பெரும்பாலும் அகன்றன.

அடுத்து, மறைந்துபோன எழுத்துகள். பழைய திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்தவை. புதிய திரை பதினாறுக்கு ஒன்பது. பாக்ஸ் பழைய விகிதத்திலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியோ 'சூம்' என்னும் அமைப்பில் இருந்தமையால், அப்படத்தைத் திரையின் அகலம் நிறையும் வரை பெருக்கியது. அவ்வாறு பெருக்கும்போது உயரத்தில் கால் பங்கு திரைக்குள் அடங்காது. மேலே அரைக்கால், கீழே அரைக்கால் வெட்டுப்படும். புயற்செய்தி ஓடும் வரி அந்தக் கீழ் அரைக்காலில் சிக்கிக்கொண்டது. பாக்ஸில் விகிதத்தைப் பதினாறுக்கு ஒன்பது என மாற்றித் தொலைக்காட்சியில் சூமை நீக்கினோம். எழுத்துகள் மீண்டும் ஓடின. அந்த அம்மையார் எழுந்து சென்று, திரையருகே நின்று, இரு வரிகளை வாய்விட்டுப் படித்தார்.

எஞ்சியது, படத்தின் மூலம். கட்டணமின்றிக் கிடைக்கும் அரசு ஒளிபரப்பான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பெரும்பாலான அலைவரிசைகள் பழைய தெளிவிலேயே வருகின்றன. எச்.டி. வேண்டுவோர் எச்.டி. அலைவரிசையையும் அதற்குரிய பாக்ஸையும் பெற்றாக வேண்டும். மூலம், பாக்ஸ், கம்பி, திரை ஆகிய நான்கும் சங்கிலியின் கண்ணிகள். எது வலுக்குறைந்ததோ அதன் அளவே தெளிவு.

டிஷ்ஷைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு, எங்கள் கரையோர ஊர்களில் உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாவைக் கட்டி அதைப் பார்த்தோம். பிதுருதலாகல மலையின் பரப்பிக் கோபுரம் இருந்த தென்கிழக்குத் திசையை நோக்கி ஆண்டெனாவைத் திருப்பி வைப்போம். காற்றடங்கிய வெப்ப நாள்களில், கடல்மேற் பரவிய காற்றடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவர, படம் வியக்கத்தக்க வகையில் தெளியும். இன்று ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 என்னும் துணைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு நெடுவரை 93.5 பாகையில் நிற்கிறது. தருவைகுளத்திலிருந்து அதன் திசையும் அதே தென்கிழக்கே! அன்று கடல் விளிம்பை நோக்கிய கம்பி, இன்று ஏறக்குறைய எழுபது பாகை நிமிர்ந்து வானை நோக்கும் கிண்ணமாயிற்று, அவ்வளவே.

திரையை எங்கே வைப்பது? நாற்காலியில் அமர்வோர் கண், தரையிலிருந்து சுமார் 110 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பாயில் அமர்வோர்க்கு அது 80 சென்டிமீட்டருக்கும் குறைவு. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்துக்கு அண்மையில் அமைதல் நன்று. திருவுருவப் படத்தை மாட்டுவதுபோல் உச்சியில் மாட்டினால் கழுத்து வலிப்பது உறுதி. எங்கள் ஊர்ச் சுவர்களில் அடிப்புறம் உப்புப் பூத்துப் பொரிந்திருக்கும். அத்தகைய பூச்சில் அடித்த ஆணி பத்துப் பதினைந்து கிலோ எடையைத் தாங்காது. உறுதியான செங்கல் கிடைக்கவில்லையெனில் மேசைமேல் வைப்பதே அறிவுடைமை. சன்னலுக்கு எதிரே வைத்தால் வெயிலின் பிரதிபலிப்பு படத்தை விழுங்கிவிடும்.

வண்ணத்தையும் சீர்செய்ய வேண்டும். கடையின் பேரொளியில் கண்ணைப் பறிப்பதற்கென்றே பெட்டிகளில் 'விவிட்' என்றோர் அமைப்பு உண்டு. வீட்டில் அதனால் நிறங்கள் மிகைப்படும். முத்து வாங்குவோர், விளக்கொளியில் கண்ட நிறத்தை நம்பாமல் பகலொளியில் ஒருமுறை பார்ப்பது போல, திரைப்பட அமைப்பு என்பதைத் தேர்ந்தால் நிறங்கள் பகலொளிக்கு நெருங்கி இயல்பாகத் தோன்றும்.

கடற்கரைக்காரர்களின் பெரும்பகை உப்பு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டினால் படிந்த உப்பு நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்; உலோகத்தை அரிக்கும். ஆகையால் கடற்காற்று நேரே வீசும் சன்னலருகே பெட்டியை வைத்தலாகாது. பின்புறம் காற்றோட இடம் விட வேண்டும். மாதக்கணக்கில் அணைத்தே வைப்பதும் தவறு. இயங்கும்போது எழும் வெம்மை உள்ளீரத்தைப் போக்கும். உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் உப்புத் துகள் திரையைக் கீறும். சற்றே நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் ஒற்றி எடுங்கள். இடிமின்னலின்போது மின்கம்பியோடு டிஷ் கம்பியையும் முன்னதாகவே கழற்றிவிடுங்கள்.

இறுதியாக ஒன்று. டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரைச் சென்டிமீட்டர் அளவே. பெருமழைத் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடும். ஆதலால் புயல் நெருங்கும் வேளையில், மிகவும் வேண்டிய பொழுதிலேயே திரை வெறுமையாகலாம், மின்சாரமும் நின்றுவிடலாம். வானொலியின் மத்திய அலையோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுடையது. மழைத்துளி அதற்கு ஒரு பொருட்டன்று. அன்றிரவு விடைபெறுமுன், பேட்டரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றையும் அந்த அம்மையார் அருகில் வைத்துக்கொள்ளுமாறு சொன்னேன். "அது இருக்கு தம்பி, அவங்க அப்பா கடலுக்குப் போன காலத்திலேருந்து இருக்கு" என்று மாடத்தைக் காட்டினார் அவர்.

பெரிய திரையை வாங்குங்கள். அதன் தெளிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் அறிந்து வாங்குங்கள்.